சோர்ந்த பின்னேரத்துக்கு ஐந்து பாட்டு: பழைய நினைவால் மனதைத் தேற்றுவது எப்படி?

எங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் ஞாயிறு பின்னேரங்களில் பாட்டுப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வாரம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும், யூடியூபில் அகப்பட்ட மூன்று மணி நேரப் பழைய பாடல் தொகுப்பு ஒன்றையும் கொண்டுபோனேன். அரை மணிக்குள் இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். ஒரு அம்மா அழுதார். மிச்சப் பேருக்கு நித்திரை. பாட்டுகளில் ஒரு குறையும் இல்லை, போட்ட விதம்தான் பிழை. அதற்குப் பிறகு பல மாதம் பிழைவிட்டுத் திருத்தியதில் ஆளுக்கு ஐந்து பாட்டு என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஐந்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் போடுவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்காகவும் செய்யலாம், வீட்டில் இருக்கும் பெரியவருக்காகவும் செய்யலாம். படிகளின் வரிசையை மட்டும் மாற்றவேண்டாம்.

1. தொடங்குமுன்

ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு மெமரி காட், கைக்குள் அடங்கும் சின்ன ஸ்பீக்கர். இவ்வளவு போதும்.

பாட்டுகளை முன்கூட்டியே மெமரி காட்டில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். நேரே இணையத்தில் போட்டால் மூன்று தொல்லை வரும். எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டுப் பக்கம் போனால் சிக்னல் நிற்காது. பாட்டின் நடுவே சவர்க்கார விளம்பரம் வந்து விழும். மூன்றாவதுதான் மோசம்: ஒரு பாட்டு முடிந்ததும் போன் தன்பாட்டில் அடுத்ததைத் தெரிவு செய்யும். நீங்கள் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவைத்த பாட்டையே அது எடுத்துப் போடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

அடுத்தது, இது யாருக்குச் சரிவராது என்பது. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்தால் நல்லது என்ற பேச்சு வருகிறது என்றால் பாட்டுப் பட்டியல் போட இது நேரமில்லை. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். ஏற்கெனவே மனச்சோர்வு நோயில் இருப்பவர் சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அதே நினைப்பில் இன்னும் ஆழமாகப் புதைவதுண்டு. மற்றப்படி, சாதாரண அலுப்பு, தனிமை, மழைக்காலத்து மந்தம், பிள்ளைகள் வெளியே போனபின் வீடு வெறிச்சோடிக் கிடப்பது, இவற்றுக்கெல்லாம் இது உதவும்.

2. பிறந்த வருடத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

மனிதருக்கு வாழ்க்கையில் மிகத் துலக்கமாக நிற்பவை ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகள். நினைவாற்றலை ஆராய்பவர்கள் இதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பாட்டு என்று வந்தால் பதின்வயதுப் பாட்டுக்குத்தான் பிடி கூட. ஆகவே பிறந்த வருடத்தோடு பத்தைக் கூட்டுங்கள், இருபத்தைந்தையும் கூட்டுங்கள். 1950இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1975 வரை. அவருக்கு இலங்கை வானொலிக் காலம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ பாட்டு நிகழ்ச்சி போன வீடுகளில் வளர்ந்தவர் என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

சிக்கல் அடுத்த தலைமுறையில். 1980இல் பிறந்த ஒருவருக்கு இந்தக் கணக்கு 1990 முதல் 2005 வரை வரும். அந்தப் போர் வருடங்களில் வன்னியில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வந்து நிறைந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று அலைந்தது. மனம் எதை இறுகப் பிடித்து வைக்கிறதோ அதே வயதில்தான் தறப்பாள் கொட்டிலும் பங்கர் என்ற பதுங்குகுழியும். ‘பழைய நினைவு இனிமையானது’ என்று எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

அதனால் வருடங்களை ஒரே கோடாக எடுக்காமல் இடைவெளிகளைத் தேடுங்கள். பெரிய இடைவெளி 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்ததிலிருந்து 2006 ஆகஸ்டில் அது மூடப்படும்வரை. அந்த நாலு வருடத்தில் பஸ்ஸில் போனவர்கள், கலியாணம் கட்டியவர்கள், முதல் முறை சீடி வாங்கியவர்கள் ஏராளம். சிரிப்போடு வரும் பாட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன. ஆனால் முல்லைத்தீவுக் கரையோரத்தவர் என்றால் அதற்குள்ளும் ஒரு பள்ளம் உண்டு, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26. அந்த மார்கழியில் போன பாட்டுகளை விட்டுவிடுங்கள்.

கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் ‘அப்போது எந்த ஊரில், யாரோடு’ என்று எழுதுங்கள். பாட்டுக்கு இன்னும் வரவேண்டாம்.

3. பிடித்த பாட்டு எதுவென்று கேட்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் விடும் முதல் பிழை இந்தக் கேள்வி. ‘எனக்கு எல்லாப் பாட்டும் விருப்பம்’ என்ற பதில்தான் வரும், அல்லது போன கிழமை தொலைக்காட்சியில் கேட்ட ஒன்றைச் சொல்வார்கள். பாட்டின் பெயரை நினைவிலிருந்து உருவி எடுப்பது கடினம். பாட்டுக் கேட்ட இடத்தைச் சொல்வது லேசு. இடம் வந்தால் பின்னால் பாட்டும் வரும்.

நான் கேட்பது இப்படி: “ஆச்சி, உங்கட வளவில முதல்முதல் ஆர் வீட்டில றேடியோ இருந்தது?” “வளவில எங்க மோனை, சந்திக் கடையிலதான். அரிசி நிறுக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டு நிப்பம்.” அதோடு கடையின் வாங்கு, கடைக்காரர் தலையாட்டும் விதம், பிறகு அவர் முணுமுணுக்கும் பாட்டு. பத்து நிமிடத்தில் நாலு பாட்டு கிடைத்தது.

வேறு கேள்விகளும் உண்டு. கோயில் திருவிழாவுக்கு எந்தப் பாட்டைப் போட்டு ஒலிபெருக்கியைத் தொடங்குவார்கள்? அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, போனபோது யார் முதல் அடி எடுப்பார்? மினிபஸ் சாரதி திரும்பத் திரும்பப் போட்ட கசெற் எது? அம்மா எதைப் பாடி நித்திரையாக்குவார்?

முல்லைத்தீவுப் பக்கத்து வயதானவர்களிடம் கூத்தைப் பற்றிக் கேட்க மறக்கவேண்டாம். கோவலன் கூத்தோ காத்தவராயன் கூத்தோ ஆடியவருக்கு மெட்டு இன்னும் தொண்டைக்குள் இருக்கும். அதற்குப் பதிவு தேடி அலையாதீர்கள். அவரே பாடட்டும், நீங்கள் தாளம் போடுங்கள். ஸ்பீக்கரில் வருவதைவிட அது நன்றாக வேலை செய்கிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பாடும்போது மூச்சு நீளும், நெஞ்சு நிமிரும், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது கிடைக்காது.

கேட்கும் முறைக்கு ஒரு உதாரணம். ஐம்பதை நெருங்கும் ஒரு ஐயா தனக்குப் பாட்டே தெரியாது என்று சாதித்தார். மல்லாவியில் இருந்தபோது பற்றறி இல்லாமல் றேடியோ எப்படிக் கேட்டீர்கள் என்றேன். அவ்வளவுதான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றியது, டைனமோவைப் பின் டயரில் சாய்த்தது, வயரை றேடியோவில் கொழுவி ஒருவர் கையால் மிதியைச் சுற்ற மற்றவர்கள் காதை வைத்தது. கை தளர்ந்தால் குரல் தேய்ந்து போகுமாம். சரணம் தொடங்கும்போது ஆள் மாறவேண்டும், மாறும் நேரத்துக்குள் ஒரு வரி தொலைந்துவிடும். அந்தப் பாட்டை அடுத்த ஞாயிறு கொண்டுபோய்ப் போட்டேன். சரணம் வந்ததும் அவருடைய வலது கை மடியில் விழுந்தது, இடது கை எழும்பியது. அவருக்கே தெரியாது.

4. ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்

பன்னிரண்டு, பதினைந்து பாட்டு சேர்ந்ததும் நிறுத்திவிட்டுச் சோதனைக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு நாலு பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் போட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். உங்களுக்கே செய்வதென்றால் உங்கள் தோளையும் மூச்சையும் கவனியுங்கள்.

கண்ணீர் வந்தால் உடனே நிறுத்தவேண்டாம். புதியவர்கள் இங்கேதான் பயந்து போகிறார்கள். பழைய நினைவு என்பதே இனிப்பும் கசப்பும் கலந்தது, கண் கலங்குவது இயல்பு. நான் பார்ப்பது வாயை. பாட்டு முடிந்ததும் “அப்ப நாங்கள்…” என்று கதை தொடங்கினால் அந்தப் பாட்டு நல்லது, கண்ணீர் இருந்தாலும் சரி. வாய் மூடி, பார்வை ஒரு இடத்தில் குத்தி நின்று, கை உடுப்பின் நுனியைப் பிசையத் தொடங்கினால் மெதுவாக நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று எழும்புங்கள். ஏன், என்ன என்று தோண்டக்கூடாது. அவர் சொல்ல விரும்பினால் சொல்வார்.

கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு அடையாளம்: கதை வந்தது, ஒன்றும் வரவில்லை, இனிப் போடவேண்டாம். ‘ஒன்றும் வரவில்லை’ என்ற பாட்டு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். நம்முடைய ரசனையை அடுத்தவர் பட்டியலுக்குள் செருகும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஒரு பலனும் இல்லை.

5. இரண்டு நினைவு ஒட்டிய பாட்டு

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் உண்டு. வன்னியில் ஒரே பாட்டுக்கு இரண்டு பக்கம் இருப்பது வழக்கம்.

முதல் வாரம் அழுத அந்த அம்மாவுக்கு நான் போட்டது ஒரு அம்மன் பாட்டு. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போன காலத்துப் பாட்டு, அவர் மிகவும் விரும்பிக் கேட்டது. எனக்குப் பிடிபட நாலு வாரம் சென்றது: அவரைக் குழப்பியது பாட்டில்லை, பெரிய ஸ்பீக்கரின் கரகரத்த ஓசை. 2009இல் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பெயர் கூப்பிட்ட ஒலிபெருக்கியை அது நினைவூட்டியிருக்கிறது. அதே பாட்டைச் சின்ன ஸ்பீக்கரில், நாதஸ்வரத்தில் வாசித்ததாக எடுத்துப் போட்டபோது வண்டில் மாட்டின் பெயரைச் சொன்னார்.

ஆகவே நல்ல நினைவும் கெட்ட நினைவும் ஒட்டிய பாட்டு அகப்பட்டால் மூன்று வழி பாருங்கள். கருவியை மாற்றலாம், பாடுபவரை மாற்றலாம், அல்லது வாயால் மெல்லப் பாடிப் பார்க்கலாம். மூன்றிலும் சரிவரவில்லை என்றால் அந்தப் பாட்டை விடுங்கள், உலகத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. போர்க்காலத்துப் பாட்டுகளை நானாகப் போடுவதில்லை. யாராவது கேட்டால் அவரோடு தனியாக இருந்து கேட்பேன், கூட்டத்தில் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் யாரை இழந்தவர் என்று எனக்குத் தெரியாது.

6. ஐந்தையும் வரிசைப்படுத்துங்கள்

மனம் சோர்ந்து கிடப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே துள்ளிசை போட்டால் எரிச்சல்தான் வரும். இசைச் சிகிச்சை செய்பவர்கள் 1940களிலிருந்து ஒரு முறையைப் பின்பற்றுகிறார்கள்: முதலில் ஆள் இருக்கும் மனநிலைக்கு ஒத்த இசை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். துக்க வீட்டுக்குப் போனால் முதலில் பக்கத்தில் பேசாமல் இருப்போம், பிறகுதான் பேச்சுக் கொடுப்போம். அதே நியாயம்தான்.

என்னுடைய வரிசை: முதலாவது மெதுவானது, ஆனால் ‘கதை வந்தது’ என்ற அடையாளம் உள்ளது. இரண்டாவது வீட்டோடு ஒட்டியது, தாலாட்டு, கடைப் பாட்டு மாதிரி. மூன்றாவதில் தாளம் வரவேண்டும், பஸ் பாட்டுகள் இங்கே நன்றாகப் பொருந்தும். நாலாவது எல்லோருக்கும் வரி தெரிந்த ஒன்று, சேர்ந்து பாடுவதற்கு. ஐந்தாவதைப் பழையதில் எடுக்காதீர்கள். பேரப்பிள்ளை பாடும் பாட்டு, இந்த வருடத் திருவிழாவில் வாசித்தது, அப்படி இன்றைக்கு உரியது ஏதாவது. ஏனென்றால் பழைய காலத்துக்குக் கூட்டிப்போன ஆளைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

பாட்டை இடையில் வெட்டாதீர்கள், முன்னிசையையும் தாண்டாதீர்கள். தெரிந்த பாட்டில் பிடித்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற இரசாயனம் சுரக்கத் தொடங்குகிறது, அந்த இடம் வந்ததும் இன்னொரு பகுதியில் சுரக்கிறது என்று கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். காத்திருப்பை வெட்டினால் பாதி இன்பம் போய்விடும். ரீமிக்ஸ் வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம்: மனம் எதிர்பார்க்கும் இடத்தில் வேறெதுவோ வந்து நிற்கும்.

7. நேரமும் இடமும்

பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் செய்யுங்கள். இரவில் தனியாகக் கேட்டால் பாட்டு நிற்கும், நினைப்பு நிற்காது, பேசவும் ஆள் இருக்காது. முற்றத்தில் வேம்பின் கீழ் கதிரை போட்டு, தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்தால் போதும். சத்தம் பேச்சுக் குரலைவிட ஒரு பிடிதான் கூடவேண்டும். காது மந்தமானவரை ஸ்பீக்கருக்குக் கிட்ட இருத்துங்கள், சத்தத்தைக் கூட்டவேண்டாம்.

8. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கதைக்க விடுங்கள்

ஐந்து பாட்டும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் மொத்தம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள், மிச்ச நேரம் கதைக்கு. பாட்டு ஒரு சாவி மாதிரி, திறந்துவிட்டு ஒதுங்கிவிடும். மனம் தெளிவது அதற்குப் பிறகு வரும் கதையில். பழைய நினைவு நமக்குச் செய்யும் முக்கியமான உபகாரம் ‘எனக்கும் ஆட்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள்’ என்று காட்டுவது. அது வாய்விட்டுச் சொல்லும்போதுதான் பிடிபடும்.

இங்கே நடக்கும் பிழை, திருத்துவது. “இல்லையம்மா, அந்தப் பாட்டு அப்ப வரேல்லை, அது பிறகுதான்” என்று ஒரு மகன் தாயைத் திருத்தியதைப் பார்த்தேன். அவர் வாயை மூடியவர் அன்று முழுக்கத் திறக்கவில்லை. வருடம் பிழைத்தால் என்ன? “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டுக்கொண்டு இருங்கள்.

9. முடிந்ததும் எழும்பி ஒரு வேலை

ஐந்தாவது பாட்டோடு ஸ்பீக்கரை நிறுத்துங்கள். ‘இன்னும் ஒன்று’ என்று கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். உடனே கையால் செய்யும் ஒரு வேலை இருக்கவேண்டும்: பயிற்றங்கொடிக்குத் தண்ணி விடுவது, கோழி அடைப்பது, கதையில் வந்த ஒருவருக்குப் போன் எடுப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மிகச் சிறந்தது. தனியே இருந்து கேட்பவர் இந்தப் படியைத் தவறவிட்டால் அங்கேயே இருந்து ஏங்கத் தொடங்கிவிடுவார்.

10. தேய விடாதீர்கள்

கிழமைக்கு இரண்டு தரம் போதும். நாளாந்தம் போட்டால் பாட்டு பழகிப்போய் வெறும் சத்தமாகிவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் சண்டை நடந்த அன்றோ சாவுச் செய்தி வந்த அன்றோ அதைப் போட்டால் அந்தத் துயரமும் பாட்டில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பாட்டுகளுக்கு இரண்டாவது நினைவு ஒட்டுவது இப்படித்தான். மாதம் ஒரு தரம் பட்டியலில் ஒன்றை மாற்றுங்கள். எடுத்ததைத் தூக்கி எறியாமல் கொப்பியில் வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் திரும்பவும் சேர்க்கலாம்.

11. வெளிநாட்டிலிருந்து அப்பா அம்மாவுக்குச் செய்பவர்களுக்கு

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ஐம்பது பாட்டை ஒரே நேரத்தில் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அம்மா மூன்றாவது பாட்டோடு போனை வைத்துவிடுவார். 2, 3 ஆம் படிகளைத் தொலைபேசியிலேயே செய்யுங்கள், ஒரு அழைப்பில் ஒரு இடம் மட்டும்: இன்றைக்குச் சந்திக் கடை, அடுத்த முறை பள்ளிக்கூடம். 4 ஆம் படியைத் தூரத்திலிருந்து செய்யக்கூடாது. முகமும் கையும் தெரியாமல் சோதிக்க முடியாது, வீடியோவில் கைகள் தெரிவதில்லை. ஊரில் இருக்கும் ஒருவரிடம், பக்கத்து வீட்டுத் தங்கச்சியானாலும் சரி, கொப்பியைக் கொடுத்துக் கேளுங்கள். மெமரி காட்டில் ஐந்தே ஐந்து பாட்டை ஏற்றி, 1 முதல் 5 வரை பெயருக்கு முன்னால் இலக்கம் போடச் சொல்லுங்கள். இலக்கம் இல்லாவிட்டால் சின்ன ஸ்பீக்கர்கள் தாம் நினைத்த வரிசையில் பாடும், துள்ளிசை முதலாவதாக வந்து நிற்கும்.